மைப் பேனாப் பிரியர்கள்: சேர்ப்பவர்களா, எழுதுபவர்களா?

"இருப்பது ஒரு கை. இத்தனை பேனா எதற்கு?" மைப் பேனா மேல் ஆசை வைத்த யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கேட்பவர்களிடம் பதிலும் தயாராக இருக்கும். "தபால்தலை, நாணயம் சேர்ப்பது போல இதுவும் ஒரு சேர்ப்பு" என்று ஒரு கட்சி முடித்துவிடும். "இல்லை இல்லை, எல்லாவற்றிலும் எழுதுகிறேன்" என்று இன்னொரு கட்சி கொஞ்சம் பதற்றத்தோடு மறுக்கும். மறுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பேனாக்களின் சொந்தக்காரர்கள்.

இரண்டு பதிலும் ஆளைப் பார்த்துச் சொல்லப்படுபவை. பேனாவைத் திறந்து பார்த்துவிட்டு யாரும் பேசுவதில்லை. உள்ளே மை எப்படி நிற்கிறது, எப்படி இறங்குகிறது, எப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சண்டையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். அதனால் முதலில் பேனா, அப்புறம் பேனாக்காரர்.

தபால்தலையும் சைக்கிளும்

தபால்தலை சேர்ப்பவர் தன் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கடிதத்தில் ஒட்டமாட்டார். ஒட்டினால் அது போய்விடும். அவருக்கு அந்தத் தாளின் வேலை முக்கியமில்லை. அது எந்த வரிசையில் வந்தது, அந்த வரிசையில் இன்னும் எது தன்னிடம் இல்லை என்பதுதான் முக்கியம். சேகரிப்பாளர் என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் அந்தப் பொருளில் மட்டும் வைத்துக்கொள்வோம்: வரிசையில் விட்டுப்போன ஒன்று யாரை உறுத்துகிறதோ, அவர்.

சைக்கிள் வைத்திருப்பவர் கதை வேறு. ஓட்டினால்தான் அது சைக்கிள். ஆறு மாதம் சுவரில் சாய்த்து வைத்தால் காற்று இறங்கும், சங்கிலி துருப்பிடிக்கும். ஓட்டாமல் இருப்பதே அதற்குக் கேடு.

மைப் பேனா இந்த இரண்டில் எது போன்றது என்று கேட்டால், மை ஊற்றாத வரைக்கும் தபால்தலை, ஊற்றிய நிமிடத்திலிருந்து சைக்கிள். குழப்பம் பிறப்பது இங்கேதான்.

எண்ணெய் டின்னும் விளக்குத் திரியும்

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். களக் களக்கென்று திக்கித் திக்கி வரும். எதிர் மூலையில் இரண்டாவது ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். எண்ணெய் வெளியே போக வேண்டுமென்றால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது விளக்குத் திரி. கீழே கிடக்கும் எண்ணெய் யாரும் தள்ளாமலேயே திரியில் மேலேறுகிறது. மிக மெல்லிய இடைவெளிகளில் திரவம் சுவரைப் பற்றிக்கொண்டு தானாக நகரும் இந்தக் குணத்துக்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக இழுக்கும்.

மைப் பேனா என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. நிப்பின் நடுவில் ஒரு கீறல் இருக்கிறது அல்லவா, அது நுனியை நோக்கிப் போகப் போகக் குறுகும். அதனால் மை தானாகவே நுனிக்கு வந்து நிற்கிறது. தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. எழுத அழுத்தம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நிப்புக்கு அடியில் கறுப்பாக நாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டைப் பலர் கவனிப்பதே இல்லை. பேனாவின் மூளை அதுதான். அதை நாக்கு என்றே வைத்துக்கொள்வோம். அதில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். அவை வழியே மை கீழே வரும், வந்த அளவுக்குக் காற்று குமிழாக மேலே போகும். எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டையை அந்தச் சின்னத் துண்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். லூயிஸ் வாட்டர்மன் 1884-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இப்படி ஒரு நாக்குக்குத்தான். மைப் பேனாவை முதலில் கண்டுபிடித்தவர் அவர் என்று அடிக்கடி சொல்கிறார்கள், அது சரியில்லை. பெட்ராக்கே போயனாரு என்ற ருமேனியர் 1827-லேயே பிரான்சில் ஒரு மைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மை ஓட்டத்தை நம்பகமாகக் கட்டுப்படுத்தியதுதான் வாட்டர்மனின் பங்கு.

நாக்கின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிகள் இருந்தால் அவை அழகுக்கு அல்ல. கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, அந்த உபரி மையைப் பிடித்து வைக்கும் இடம் அது. அது நிறைந்துவிட்டால் பேனா கக்கும். முக்கால்வாசி தீர்ந்த பேனாதான் அதிகம் கக்கும், ஏனென்றால் அதில்தான் விரிவதற்குக் காற்று அதிகம். சட்டைப் பை நீலமான அனுபவம் இருப்பவர்கள் இனி பேனாவைத் திட்டுவதற்கு முன் அது எவ்வளவு காலியாக இருந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், மை இழுப்பது குறுகலான இடைவெளி, ஓட்டத்தைச் சீராக வைப்பது உள்ளே போகும் காற்று. இரண்டும் தலைமுடி அளவு வாய்க்கால்களை நம்பியிருக்கின்றன.

எழுதாத பேனா ஏன் அடைத்துக்கொள்கிறது

மைப் பேனாவின் மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்திருப்பது சாயம். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் மெல்ல ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் போகும், சாயம் போகாது. முதலில் நிறம் அடர்த்தியாகும், அப்புறம் மை கெட்டியாகும், கடைசியில் அந்த மெல்லிய வாய்க்கால்களில் படிந்து உட்கார்ந்துகொள்ளும். உதறினாலும் வராது. நாலு முறை உதறிச் சுவரில் கோலம் போட்டதுதான் மிச்சம்.

சாதாரணச் சாய மை என்றால் தண்ணீரில் ஊற வைத்தால் மறுபடி கரைந்துவிடும். நிறமி மை அப்படி இல்லை. நிறமி என்பது தண்ணீரில் கரையாமல் மிதக்கும் நுண்தூள். காய்ந்துவிட்டால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். மாசிக்காய்ச் சத்தும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்யும் பழைய வகை மையும் காய்ந்தால் தொல்லைதான்.

இந்த ஒரு விஷயத்தோடு பேனா செய்பவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். 1941-ல் வந்த பார்க்கர் 51-ல் நிப்பு முழுக்க உறைக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். காற்று படும் இடத்தைக் குறைக்கும் வழி அது. ஜப்பானின் பைலட் 1963-ல் மூடியே இல்லாத பேனா கொண்டு வந்தது. பிற்பாடு வந்த வகைகளில் பித்தானை அழுத்தினால் நிப்பு வெளியே வரும், உள்ளே போனதும் ஒரு குட்டிக் கதவு வாசலை அடைத்துவிடும். பிளாட்டினம் நிறுவனம் 2011-ல் தன் 3776 பேனாவின் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு மூடியைப் பொருத்தி, நீண்ட காலம் சும்மா வைத்தாலும் மை காயாது என்று விளம்பரம் செய்தது. (3776 என்பது ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில். மோன்ட்பிளாங்க் பேனாவின் நிப்பில் பொறித்திருக்கும் 4810-ம் அப்படித்தான், அந்தப் பெயருள்ள மலைக்கு அப்போது சொல்லப்பட்ட உயரம். பேனாக்காரர்களுக்கு மலை மேல் என்ன பிரியமோ.)

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கன்வெர்ட்டர் என்பது பேனாவுக்குள் செருகும் உறிஞ்சுகுழல். அதில் ஏறத்தாழ 0.7 மில்லி மை பிடிக்கும். ஒருவர் வாரத்துக்கு அந்த அளவு மை எழுதித் தீர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் மை நிரப்பிய பேனா ஒன்று என்றால் ஒரு வாரத்தில் காலி. நான்கு பேனாவை மாற்றி மாற்றி எழுதினால் ஒவ்வொன்றிலும் மை ஒரு மாதம் கிடக்கும். பத்துப் பேனா என்றால் இரண்டரை மாதம். பல பேனாக்களின் மூடிகள் அவ்வளவு நாள் தாங்காது.

ஆக, பேனா வாங்க வாங்க மை நிரப்பிய பேனாக்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகாது. எழுதும் அளவு கூடினால்தான் அது கூடும். எழுதும் கை மாறாமல் பேனா மட்டும் பெருகினால், மூன்று நான்கில் மட்டும் மை இருக்கும், மற்றவை கழுவித் துடைத்துப் பெட்டியில் இருக்கும். சில வாரம் கழித்து இவை உள்ளே போகும், அவை வெளியே வரும். பேனாப் பிரியர்கள் இதைச் சுழற்சி என்கிறார்கள்.

பார்ப்பவருக்குத் தெரிவது பெட்டி மட்டும். அதனால் "சேகரிப்பாளர்" என்கிறார். சொந்தக்காரர் மனதில் இருப்பது சுழற்சி. அதனால் "எல்லாவற்றிலும் எழுதுகிறேன்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

எல்லோரும் எழுதுபவர்களாக இருந்த காலம்

மைப் பேனாப் பிரியர் என்ற தனி ஆளே ஒரு காலத்தில் கிடையாது. வீட்டில் ஒரு பேனா இருக்கும், அதில்தான் எழுத வேண்டும். செருப்புப் பிரியர் என்று யாரையும் நாம் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரி.

அதை மாற்றியது பால்பாயின்ட். லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரியர் 1938-ல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். 1945 அக்டோபரில் நியூயார்க்கில் வேறொரு நிறுவனத்தின் பால்பாயின்ட் விற்பனைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. 1950-ல் பிக் நிறுவனத்தின் கிறிஸ்டல் வந்தது. அதற்குப் பிறகு பேனா என்றாலே தூக்கிப் போடும் பொருள் என்றாகிவிட்டது. அதில் இருப்பது பசை போன்ற எண்ணெய் மை. காயாது, கக்காது, கழுவ வேண்டாம்.

தேவைக்கு எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மைப் பேனாவோடு தங்கியவர்கள், அப்புறம் திரும்பி வந்தவர்கள், விரும்பித்தான் வந்தார்கள். தேவை போய் விருப்பம் மட்டும் மிஞ்சிய பொருளில் கொஞ்சம் சேர்க்கும் ஆசை ஒட்டிக்கொள்வது இயல்பு. லாமி சஃபாரி இதற்கு நல்ல உதாரணம். 1980-ல் பள்ளிப் பிள்ளைகள் எழுதப் பழகுவதற்காக வந்த பிளாஸ்டிக் பேனா அது. பிடிப்பதற்கு முக்கோணப் பள்ளம்கூட வைத்திருப்பார்கள். பிற்பாடு ஆண்டுக்கு ஒரு புது நிறம் என்று வர ஆரம்பித்தது. அதே நிப்பு, அதே நாக்கு, நிறம் மட்டும் வேறு. பதினைந்து நிறம் வைத்திருப்பவர்கள் உண்டு. எழுதுவதற்கு ஒன்று போதும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒரே பேனா, இரண்டு பார்வை

பார்க்கர் 51-க்கே திரும்பி வருவோம். நிறுவனத்தின் 51-வது ஆண்டான 1939-ன் நினைவாக வைத்த பெயர் அது. 1972 வரை தயாரானது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா 51-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு சாதி.

1948-க்கு முந்தியவற்றில் மை உறிஞ்சுவதற்கு ரப்பர் சவ்வு இருக்கும். ரப்பர் காலப்போக்கில் இறுகி உடைந்துவிடும். அப்படி ஒன்று இன்று கிடைத்தால் சவ்வை மாற்றாமல் எழுத முடியாது. 1948-ல் வந்த அடுத்த வகையில் பிளாஸ்டிக் பை. அந்தப் பைகள் பல இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. கழுவினால் போதும், எழுத ஆரம்பித்துவிடலாம்.

எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பார். சேகரிப்பாளர் முதலாவதைத் தேடுவார், அதிலும் இரண்டு முனைகளிலும் அலங்கார மணி பதித்த ஆரம்பகாலப் பேனாவை. அதை அரிதாக்கும் அந்த மணிகள் ஒரு எழுத்தைக்கூட நன்றாக எழுத வைக்காது. இருவரும் எதிரெதிர் காரணங்களுக்காக ஒரே பெயருள்ள பேனாவை விரும்புகிறார்கள் என்பதை நான் ரசிக்கிறேன்.

தங்க நிப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பமும் அதே இடத்தில் பிறந்தது. தங்க நிப்பு வழுக்கிக்கொண்டு எழுதும் என்று நம்புகிறார்கள். தாளைத் தொடுவது தங்கமே இல்லை. நிப்பின் நுனியில் மிகக் கடினமான வேறொரு உலோகக் கலவையின் குண்டுமணி பற்றவைத்திருக்கும், எஃகு நிப்பிலும் அதேபோலத்தான். வழுவழுப்பு அந்த மணியைத் தேய்த்து மெருகேற்றியதைப் பொறுத்தது. தங்கம் முதலில் வந்ததே பழைய அமில மைகள் எஃகை அரித்ததால். 14 கேரட் என்றால் நூற்றில் 58.5 பங்கு தங்கம். அதன் மதிப்பு பேனாவின் விலையில் தெரியும், கையெழுத்தில் தெரியாது.

கழுவலாமா கூடாதா

சேர்ப்பதும் எழுதுவதும் நேருக்கு நேர் மோதிக்கொள்வது குழாயடியில்தான்.

எழுதுபவருக்கு முதல் பாடம், பேனாவைத் தண்ணீரில் கழுவு. வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். இது நல்ல பாடம்தான். ஆனால் நூறு ஆண்டுப் பழைய கறுப்புப் பேனா ஒன்று கிடைத்து, அதை இரவு முழுக்க ஊறப் போட்டால், காலையில் அதன் நிறம் மங்கியிருக்கலாம். அந்தக் காலப் பேனாக்கள் பல எபோனைட்டால் ஆனவை. எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பழசான அதன் மேல்பரப்பு, ஈரம் பட்டதும் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். எழுதுபவரின் நல்ல பழக்கம் சேகரிப்பாளரின் கெட்ட கனவு.

மறுபக்கமும் உண்டு. பின்பக்கத்தைத் திருகி மை உறிஞ்சும் பழைய பிஸ்டன் பேனாக்களில் மை கசியாமல் அடைத்து நிற்பது தக்கை. பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அது ஈரமாக, இறுக்கமாக இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் பத்தாண்டு வைத்தால் வறண்டு சுருங்கிவிடும். பத்திரமாக வைத்ததே அதைக் கெடுத்தது. அதனால் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் மெக்கானிக் போலப் பேசுவார், விவரம் தெரிந்த எழுத்துக்காரர் காட்சியகக்காரர் போலப் பேசுவார். முதல் முறை கேட்பவருக்கு யார் யார் என்றே தெரியாது.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால், மை காய்வதால் பல பேனா வைத்திருப்பவர் சிலவற்றைக் காலியாக வைக்க வேண்டியிருக்கிறது. சில பேனாக்கள் எழுதினால் கெடும், சில எழுதாவிட்டால் கெடும். எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போட முடியாது.

பேனாவுக்காக மையா, மைக்காகப் பேனாவா

இந்தக் கேள்வியில் எப்போதும் விட்டுப்போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குப் பேனா ஒரு சாக்கு. அவர்கள் உண்மையில் சேர்ப்பது மை.

ஒரே கோட்டில் அடர்த்தியும் வெளிறலுமாக மாறும் மை, காய்ந்தபின் நீலத்தின் மேல் செம்பு நிறமாகப் பளபளக்கும் மை, எழுதும்போது ஒரு நிறம் காய்ந்ததும் இன்னொரு நிறம் என்று ஒரு உலகமே அங்கே இருக்கிறது. மாசிக்காய் வகை மை எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும். அதை முதல் முறை பார்ப்பது ஒரு சின்ன மந்திர வித்தை. நல்ல தாளும் வேண்டும். உறிஞ்சும் தாளில் இந்த ஜாலம் ஒன்றும் தெரியாது.

கணக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும். 50 மில்லிப் புட்டி ஒன்றில் 0.7 மில்லி வீதம் சுமார் 70 முறை நிரப்பலாம். வாரம் ஒரு முறை என்றால் ஒரு புட்டி ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் வரும். அலமாரியில் முப்பது புட்டி இருந்தால் நாற்பது ஆண்டுக்கான மை. இவர்களைத் தினமும் எழுதுபவர்கள் என்பதா? தினமும்தான் எழுதுகிறார்கள். சேகரிப்பாளர்கள் என்பதா? புட்டிகளைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை.

நிப்பை உரசி மெருகேற்றி, கீறலைச் சரிசெய்து, எழுதாத பேனாவை எழுத வைப்பதில் மட்டும் சுகம் காண்பவர்களும் இருக்கிறார்கள். எழுத ஆரம்பித்த அடுத்த நாள் அந்தப் பேனா மேல் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

"என் பேனாவை யாருக்கும் தரமாட்டேன்"

மைப் பேனாக்காரர்கள் கஞ்சர்கள் என்ற பெயரும் இதோடு சேர்ந்தே வருகிறது. வேறு ஆள் எழுதினால் நிப்பு பழக்கம் மாறிவிடும் என்று காரணம் சொல்வார்கள். நுனி மணி ஒருவர் கைச்சாய்வுக்கு ஏற்பத் தேய்வது உண்மை, ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும். ஒரு கையெழுத்துப் போட்டால் தேயாது. உண்மையான அபாயம் வேறு. பால்பாயின்டில் எழுதிப் பழகியவர் அழுத்துவார். அந்தக் குண்டு உருள அழுத்தம் வேண்டும். அதே வேகத்தில் நிப்பை அழுத்தினால் கீறலின் இரு பக்கமும் விரிந்து மேடு பள்ளமாகிவிடும். அழுத்தாமல் எழுதத் தெரிந்தவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு பேனாப் பிரியர் எந்தப் பக்கம் என்று தெரிய எத்தனை பேனா இருக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. "இப்போது எதிலெல்லாம் மை இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒன்றிலும் இல்லை என்றால் அவர் சேகரிப்பாளர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும், அதுவும் எப்போதும் அதே ஒன்றில் என்றால் எழுதுபவர். பெட்டியில் இருக்கும் மற்றவை பெரும்பாலும் யாரோ பரிசு கொடுத்தவை. இரண்டிலிருந்து ஐந்து வரை என்று சொல்லி, போன மாதம் வேறு பேனாக்கள் என்றும் சேர்த்துச் சொன்னால் அவர் சுழற்சிக்காரர். நான் பார்த்தவரை இந்த மூன்றாவது வகையினர்தான் அதிகம். இவர்களுக்குத்தான் இன்னும் சரியான பெயர் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் இருக்கிறது. நான்காவதிலும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை எடுத்து எழுதினேன், வரவில்லை. உதறினேன், வரவில்லை. இப்போது ஒரு டம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிற்கிறது. தண்ணீர் மெல்ல நீலமாகிக்கொண்டிருக்கிறது.